மழைக்கும் ஒரு பேரேடு

சர்ஜாப்பூர் சாலை, வைட்ஃபீல்டு போன்ற பகுதிகளில் உள்ள வங்கிக் கிளைகளுக்குக் கோடை தொடங்குமுன் தவறாமல் வந்து சேரும் விண்ணப்பம் ஒன்று உண்டு. அடுக்ககக் குடியிருப்போர் சங்கத்தின் தலைவரும் பொருளாளரும் சேர்ந்து வருவார்கள். இருக்கும் ஆழ்துளைக் கிணறு கைவிட்டுவிட்டது, இன்னும் ஆழமாக ஒன்று தோண்ட வேண்டும், சங்கத்தின் வைப்புத்தொகையின்பேரில் கடன் கிடைக்குமா என்று கேட்பார்கள். கடன் கிடைக்கும். வைப்புத்தொகை ஈடாக இருக்கும்போது வங்கிக்கு இழப்பு நேர வாய்ப்பில்லை. ஆனால் அக்கடனால் உருவாகும் சொத்தைச் சற்று உற்று நோக்கினால், கணக்கியல் படித்த எவருக்கும் ஒரு தயக்கம் தோன்றும். கட்டடத்துக்கு மறுவிற்பனை மதிப்பு உண்டு. இயந்திரத்துக்குப் பழைய இரும்பின் விலையாவது உண்டு. வறண்டுபோன ஆழ்துளைக் கிணற்றுக்கு மதிப்பு ஏதுமில்லை. 1,000 அடி தோண்டியபின் நீர் வருமா, வந்தால் எத்தனை கோடைகள் நிற்கும் என்பதற்கு எவரும் உறுதி அளிப்பதில்லை. தேய்மானம் எழுதுவதற்குக்கூட ஆயுட்காலம் தெரியாத சொத்து அது.

இக்கட்டுரையில் நாம் பேச விரும்புவது கடனைப் பற்றியன்று. அக்கடனைத் தேவையற்றதாக்கும் கணக்கைப் பற்றி. ‘வளங்குன்றா வளர்ச்சி’ என்னும் சொற்றொடரை நாளிதழ்களிலும் அரசு அறிக்கைகளிலும் நாம் அடிக்கடி காண்கிறோம். 1987ஆம் ஆண்டில், நார்வே நாட்டின் பிரதமராக இருந்த புருண்ட்லாண்ட் அம்மையார் தலைமையிலான ஐக்கிய நாடுகள் ஆணையம் தன் அறிக்கையில் அதனை உலகறியச் செய்தது. 2015இல் அது 17 இலக்குகளாக விரிந்தது. அவற்றுள் ஆறாவது தூய நீர் பற்றியது, பதினொன்றாவது நகரங்கள் பற்றியது. பொருள் கடினமானதன்று. வணிகவியல் பயின்றோரும், பயிலாமலே குடும்பம் நடத்துவோரும் அதனை நன்கறிவர்: முதலைத் தொடாமல் வட்டியில் வாழ்தல். கடினம் என்பது, ஒரு தெருவோ ஒரு சங்கமோ ஓர் அலுவலகமோ அதனை நாள்தோறும் கடைப்பிடிக்கும்போது எழுவது. பெங்களூருவின் தண்ணீரை அதற்குரிய பாடமாக எடுத்துக்கொள்வோம்.

ஆறில்லாத நகரம்

கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், பேராறு எதுவும் அருகில் இன்றி அமைந்த நகரம் பெங்களூரு. 1537இல் கெம்பேகௌடர் கோட்டை கட்டிய காலத்திலும், அதற்கு முன்னும் பின்னும், இவ்வூரைக் காத்தவை ஏரிகள். மேட்டில் உள்ள ஏரி நிரம்பினால் அதன் மிகுநீர் கால்வாய் வழியே கீழ் ஏரிக்குச் செல்லும். அக்கால்வாயைக் கன்னடத்தில் ‘ராஜகாலுவே’ என்பர். மடையைத் திறந்து நீரைப் பங்கிட்டவர் ‘நீருகண்டி’. நம் ஊர்ப்புறத்து நீர்க்கட்டியும் மடையரும் செய்த அதே பணி, ஏறக்குறைய அதே பெயர்.

1890களில் அர்க்காவதி ஆற்றில் ஹெசரகட்டா நீர்த்தேக்கத்திலிருந்து குழாய்நீர் வந்தது. 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் அதனுடன் சேர்ந்தது. 1974இல் காவிரியின் முதற்கட்டத் திட்டம் நிறைவேறியபின், நகரத்தின் கண் ஏரியை விட்டு ஆற்றின்மேல் சென்றது. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம் தொடங்கப்பட்டது, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் அதன் கொள்ளளவு. 2007இல் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட 110 கிராமங்களை மனத்திற்கொண்டு அது தீட்டப்பட்டது.

இந்தக் காவிரிநீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப்பட்டு வருகிறது. ஆயிரம் லிட்டரை 500 மீட்டர் உயர்த்த, இயற்பியல் கணக்கின்படியே 1.36 யூனிட் மின்சாரம் வேண்டும். இயந்திர இழப்புகளையும் சேர்த்தால் அது 2 யூனிட்டை நெருங்கும். 2014 முதல் 2025 வரை நடைமுறையில் இருந்த வீட்டுக் கட்டணத்தில், முதல் 8,000 லிட்டர் வரை ஆயிரம் லிட்டருக்கு வசூலிக்கப்பட்டது 7 ரூபாய். தூக்கிவந்த மின்செலவை அது ஈடுகட்டுமா என்பதே ஐயம். விலை மலிவாக இருந்ததால் நீரும் மலிவானது என்று நம்மில் பலர் கருதிவிட்டோம்.

குழாய் எட்டாத இடங்களில் நிலத்தடிநீரே கதியாயிற்று. பெங்களூருவின் அடியில் இருப்பது கடும்பாறை. மேலே சிதைந்த மண்ணும் கப்பியும் கலந்த அடுக்கு. அதில் மழைநீர் விரைந்து ஊறும், திறந்த கிணறுகள் அதனைத்தான் நம்பியிருந்தன. அதற்குக் கீழே பாறை வெடிப்புகளில் தேங்கிய நீர். அது மிக மெதுவாகச் சேர்ந்தது. வங்கி மொழியில் சொன்னால் மேலடுக்கு சேமிப்புக் கணக்கு. கீழடுக்கு முன்னோர் விட்டுச் சென்ற நீண்டகால வைப்பு. சேமிப்புக் கணக்கில் பணம் போடுவதை நிறுத்திவிட்டு, வைப்பை முன்கூட்டியே முறித்துச் செலவிட்டது இந்நகரம்.

2024 கோடையில் அதன் விளைவு வெளிப்பட்டது. அரசின் 13,900 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டதாகத் துணை முதல்வரே அறிவித்தார். குடிநீரைக் கொண்டு கார் கழுவவும் தோட்டத்துக்குப் பாய்ச்சவும் தடை விதிக்கப்பட்டது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். (அந்த மார்ச் மாதத்தில் நகரின் கார்கள் யாவும் ஒரே நிறத்தில் ஓடின.) தண்ணீர் லாரிகளுக்கு மாவட்ட நிர்வாகம் விலை வரம்பு குறித்தது: 5 கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய். ஆயிரம் லிட்டருக்கு 83 ரூபாய் என்று ஆகிறது. வாரியத்தின் 7 ரூபாயோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 12 மடங்கு. குழாய் இணைப்பு இருந்தவர் 7 கொடுத்தார். இல்லாதவர் 83 கொடுத்தார். புறநகரில் வாடகைக்குக் குடியிருந்த எளியோர் பெரும்பாலும் இரண்டாம் வகையினர் என்பதை நாம் மறக்கலாகாது. பக்கத்து அடுக்ககம் 1,200 அடிக்குத் தோண்டும்போது முதலில் வற்றுவது அவர்கள் தெருவின் பொதுக் கிணறு. கடன் வாங்கியவர் ஒருவர், வட்டி கட்டுபவர் வேறொருவர்.

வீட்டுக் கணக்கு ஒன்று, அடுக்ககக் கணக்கு ஒன்று

காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது சரியாக ஒரு லிட்டர். பெங்களூருவின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 970 மில்லிமீட்டர். 100 சதுர மீட்டர் மொட்டைமாடி கொண்ட தனிவீட்டின்மேல் ஓராண்டில் விழுவது 97,000 லிட்டர். ஆவியாவதும் சிதறுவதும் முதல் மழையில் தூசியோடு வெளியேற்றுவதும் போக ஐந்தில் நான்கு பங்கு தேறும் எனக் கொண்டால் 77,600 லிட்டர்.

இனிச் செலவுப் பக்கம். நகரங்களுக்கு நம் நாட்டில் வகுக்கப்பட்டுள்ள அளவு, ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். நால்வர் குடும்பத்துக்கு 540 லிட்டர். ஆண்டுக்கு 1,97,100 லிட்டர். ஆகவே கூரையில் விழும் மழை அக்குடும்பத்தின் தேவையில் பத்தில் நான்கு பங்கு. ஏறத்தாழ 143 நாள்களுக்குரிய நீர். இதைச் சொன்னால் பலர் நம்ப மறுக்கின்றனர். நாம் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. உங்கள் மாடியின் நீள அகலத்தை அளந்து நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

ஆனால் இதே கணக்கை அடுக்ககத்துக்குப் போட்டால் விடை மாறிவிடும். பத்து மாடி, மாடிக்குப் பத்து வீடு, மொத்தம் 100 வீடுகள். கூரைப் பரப்பு 1,200 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கூரை தரும் நீர் ஆண்டுக்கு 9.3 இலட்சம் லிட்டர். 100 குடும்பங்களின் தேவையோ 197 இலட்சம் லிட்டர். இருபதில் ஒரு பங்குகூட இல்லை. தனிவீட்டுக்கு மழைநீர் பெரும் வரவு. உயர்ந்த அடுக்ககத்துக்கு அது சில்லறை. அங்கே பெரும் வரவு வேறிடத்தில் உள்ளது. 135 லிட்டரில் 45 லிட்டர் கழிப்பறையில் ஊற்றுவதற்கே செலவாகிறது என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு கணக்கிடுகிறது. மூன்றில் ஒரு பங்கு. பெங்களூருவின் பெரிய அடுக்ககங்களில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டாயம். அது ஒழுங்காக இயங்கி, சுத்திகரித்த நீர் தனிக்குழாயில் கழிப்பறைக்குச் சென்றால், அந்த மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். ஒழுங்காக இயங்கினால் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மின்கட்டணத்தை மிச்சப்படுத்தக் காற்றூட்டும் இயந்திரத்தை இரவில் நிறுத்திவைக்கும் வழக்கம் பல வளாகங்களில் உண்டு. கழிவை உண்ணும் நுண்ணுயிர்களுக்குக் காற்று இல்லையேல் அவை மடியும், நீர் நாறும், நாறும் நீரைக் கழிப்பறைக்கு விட்டால் குடியிருப்போர் வழக்குத் தொடுப்பார்கள். பிறகு தனிக்குழாய் மூடப்பட்டுவிடும். சில நூறு ரூபாய் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு சொத்து முழுவதும் செத்துப்போகும் கதை இது.

மழைநீர் சேகரிப்புக்குச் சட்டமும் உண்டு. தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. பெங்களூருவில் 2009இல் நீர் வாரியச் சட்டம் திருத்தப்பட்டு, 2,400 சதுர அடியும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் இருக்கும் கட்டடங்களுக்கும், 1,200 சதுர அடியும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் புதுக் கட்டடங்களுக்கும் அது விதியாயிற்று. செய்யாதவர்க்குக் கட்டணப் பட்டியலிலேயே கூடுதல் தொகை ஏறும். அதனைச் செலுத்திவிட்டுச் சும்மா இருப்போர் ஏராளம். அபராதத்தை ஒரு வாடகையைப்போல் எண்ணிக் கட்டும் பழக்கத்தை எந்தச் சட்டத்தாலும் மாற்ற இயலவில்லை. செய்முறையைக் கண்ணால் காண விரும்புவோர்க்கு ஜெயநகரில் வாரியத்தின் மழைநீர்ப் பூங்கா இருக்கிறது. விசுவேசுவரய்யா பெயரால் அமைந்தது. பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்று வரலாம்.

சங்கம் செய்யக்கூடியது: ரெயின்போ டிரைவ்

சர்ஜாப்பூர் சாலையில் ரெயின்போ டிரைவ் என்னும் மனைக் குடியிருப்பு, இத்துறையினர் பல ஆண்டுகளாக எடுத்துக்காட்டி வரும் ஒன்று. பரப்பு சுமார் 34 ஏக்கர். மனைகள் ஏறத்தாழ 360. காவிரிக் குழாய் எட்டாத இடத்தில் எழுந்த குடியிருப்பாதலால், பொது ஆழ்துளைக் கிணறுகளே ஆதாரம். அவை ஒவ்வொன்றாகத் தளர்ந்தபோது சங்கம் எடுத்த முடிவுகள் கவனத்துக்குரியவை. முதலாவது, எவரும் தம் மனையில் தனி ஆழ்துளைக் கிணறு தோண்டலாகாது. இரண்டாவது, வீட்டுக்கு வீடு மீட்டர். பயன்பாடு கூடக்கூட ஆயிரம் லிட்டருக்கான விலையும் படிப்படியாக ஏறும். மூன்றாவது, மனைதோறும் தெருவோரத்திலும் நிலத்துக்குள் மழைநீரை இறக்கும் உறைகிணறுகள். இருநூறுக்கும் மேற்பட்டவை அமைந்தன.

இவற்றுள் முதலாவதே கடினமானது. தன் மனையில், தன் பணத்தில், தான் தோண்டுவதைத் தடுக்கச் சங்கத்துக்கு என்ன உரிமை என்ற கேள்வி எழாமல் இராது. ஆனால் நிலத்தடிநீர் மனையின் வேலியை அறிவதில்லை. ஒருவர் 800 அடியில் இறைக்கத் தொடங்கினால் அடுத்தவர் 900 அடிக்குப் போக வேண்டும். 360 பேரும் தத்தம் நலனை மட்டும் கருதி நேர்மையாகச் செயற்பட்டாலும், விளைவு அனைவர்க்கும் நட்டமே. பொதுவளம் ஒன்று அழியும் முறை இதுதான் என்று பொருளியல் நூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தன. அழியாமல் காத்த சமூகங்களும் உண்டு என்பதைச் சுவிட்சர்லாந்தின் மேய்ச்சல் நிலங்கள், ஸ்பெயினின் வாய்க்கால் பாசனம், பிலிப்பைன்ஸின் உழவர் சங்கங்கள் ஆகியவற்றை ஆராய்ந்து காட்டியவர் எலினோர் ஆஸ்ட்ரம். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசை வென்ற முதற் பெண்மணி. எல்லை தெளிவாக இருத்தல், பயன்படுத்துவோரே விதி வகுத்தல், அளவைக் கண்காணித்தல், மீறினால் சிறிதாகத் தொடங்கி வளரும் தண்டனை ஆகியவை அவர் கண்ட பொதுக்கூறுகளுட் சில. ரெயின்போ டிரைவின் படியேறும் கட்டணம் அவ்வகையைச் சேர்ந்ததே.

தமிழ் வாசகர்க்கு இது புதுமையன்று. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919 மற்றும் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஊர்ச்சபையின் வாரியங்களைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் முறையை விரிக்கின்றன. ஏரியைப் பேண ‘ஏரி வாரியம்’ என்று தனிக்குழு இருந்தது. அது நிலமும் கல்வியும் உடைய சிலருக்கே இடமளித்த சபை. அதனை முழு மக்களாட்சி என்று போற்றுவது மிகை. எனினும் அதிலுள்ள ஒரு விதி, தணிக்கையாளர் எவரையும் நிமிர்ந்து உட்காரச் செய்யும்: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி தேர்வுக்கு நிற்க இயலாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க இயலாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அத்தகுதி விதியை இன்றைய சங்கங்களின் துணைவிதிகளில் சேர்த்தால் எத்தனை நிர்வாகக் குழுக்கள் நிலைக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இனி, அந்த 34 ஏக்கரின் மழைக்கணக்கையும் பார்த்துவிடுவோம். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். 34 ஏக்கரில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 13.3 கோடி லிட்டர். 360 குடும்பங்களுக்கு, நாளொன்றுக்கு 540 லிட்டர் வீதம், ஆண்டுத்தேவை 7.1 கோடி லிட்டர். பெய்வது தேவையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. பெய்வதெல்லாம் மண்ணுக்குள் போகாது. போனதெல்லாம் நம் கிணற்றிலேயே ஊறும் என்பதும் இல்லை. இருந்தாலும், வறட்சி என்று நாம் அழைத்தது வானத்தின் குறையன்று என்பதற்கு இக்கணக்குப் போதும். 3 அடி விட்டமும் 20 அடி ஆழமும் கொண்ட ஓர் உறைகிணறு ஒரே நேரத்தில் கொள்வது சுமார் 4,000 லிட்டர். மண்ணின் தன்மைக்கேற்ப அது வடிந்ததும் அடுத்த மழைக்கு மீண்டும் ஆயத்தமாகிவிடும். கீழடியில் வெளிப்பட்ட உறைகிணறுகளை நினைவுகூர்வோர், தொழில்நுட்பம் எவ்வளவு பழையது என்பதை உணர்வர்.

இக்கிணறுகளை வெட்டுவோர் பெரும்பாலும் ‘மண்ணு வட்டர்’ எனப்படும் மரபுவழிக் கிணறு வெட்டும் சமூகத்தார். ஆழ்துளை இயந்திரங்கள் வந்தபின் அவர்கள் பிழைப்பு நலிந்தது. பெங்களூருவில் பத்து இலட்சம் கிணறுகள் என்னும் இயக்கம் தொடங்கியபின் அவர்களுக்கு மீண்டும் வேலை கிடைத்தது. கப்பன் பூங்காவில் தூர்ந்து கிடந்த பழங்கிணறுகள் ஏழினைத் தூர்வாரி உயிர்ப்பித்ததும் அவர்களே. ஆழ்துளை இயந்திரத்துக்குக் கொடுக்கும் பணம் வாடகையாகவும் டீசலாகவும் வெளியூர் போய்விடும். கிணற்றுக்குக் கொடுக்கும் பணம் பக்கத்துக் கிராமத்தின் கூலியாகும்.

வாயிற்கதவுக்கு வெளியே

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தல் கூடாது. 2022 ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பர் முதல் வாரத்திலும் பெய்த பெருமழையில், அதே ரெயின்போ டிரைவ் நீரில் மூழ்கியது. குடியிருந்தோர் டிராக்டரில் ஏறி வெளியேறிய படங்கள் நாடெங்கும் வெளியாயின. நீரைச் சிக்கனமாகவும் முறையாகவும் கையாண்ட குடியிருப்புக்கே அந்நிலை. காரணம், உறைகிணறுகள் தம்மேல் விழும் மழையை ஏற்கலாம். மேற்புறமிருந்து பாய்ந்து வரும் வெள்ளத்தை ஏற்கா. ஏரிக்கும் ஏரிக்கும் இடையே நீர் சென்ற வழி குறுகியும் அடைபட்டும் போனால், தாழ்ந்த இடத்தில் எவர் இருக்கிறாரோ அவர் வீட்டுக்குள் நீர் வரும். ஆகவே வளாகத்துக்குள் எவ்வளவு நற்பணி செய்தாலும், ராஜகாலுவேயும் மேல் ஏரியும் கீழ் ஏரியும் சேர்ந்ததே உண்மையான கணக்குப் புத்தகம். மனை வாங்கக் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர் வில்லங்கச் சான்றிதழையும் தாய்ப்பத்திரத்தையும் பார்ப்பதோடு, வருவாய்த்துறையின் கிராம வரைபடத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு அருகே கால்வாய்க்கோடு ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அவ்வரைபடம் எளிய கட்டணத்தில் கிடைக்கும். கோடிக்கணக்கில் கடன் வாங்குவோர் அதனைக் கேட்டுப் பெறாதது நமக்கு எப்போதும் வியப்பே.

ஏரிகளிலும் நம்பிக்கை தரும் செய்திகள் உண்டு. சர்ஜாப்பூர் சாலையின் கைகொண்டரஹள்ளி ஏரி, 48 ஏக்கர். குப்பையும் கழிவுமாய்க் கிடந்த அதனை, 2009 முதல் சுற்றுப்புற மக்களும் மாநகராட்சியும் சேர்ந்து மீட்டனர். வடக்கே ஜக்கூர் ஏரியில் சுத்திகரிப்பு நிலையத்தின் நீர், நாணலும் சம்பும் வளர்ந்த சதுப்பைக் கடந்து ஏரியில் சேர்கிறது; மீனவர் அங்கு மீன்பிடிக்கின்றனர், அக்கம்பக்கத்துக் கிணறுகளில் நீர் ஊறுகிறது. சுத்திகரித்த கழிவுநீரையே வரவாக மாற்றிய ஏரி அது.

மறுபக்கமும் உண்டு. பெங்களூருவின் மேட்டுக்கு மேற்கே விழும் நீர் அர்க்காவதி வழியே காவிரிக்குச் செல்லும். கிழக்கே விழுவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் சேரும். 2015இல் பெல்லந்தூர் ஏரி நுரைத்துத் தீப்பற்றியதை உலகமே பார்த்தது. அந்த நுரை அங்கேயே நின்றுவிடவில்லை. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையின் மதகில் அது பலமுறை பனிமலைபோல் எழுந்தது. அங்கிருந்து கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் என்று செல்லும் ஆறு அது. பெங்களூருவில் ஒரு சங்கம் இரவில் காற்றூட்டியை நிறுத்தினால், அதன் செலவு ஓசூர் உழவரின் பேரேட்டில் எழுதப்படுகிறது. 2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இந்த ஏரிகளைச் சீரமைக்க 500 கோடி ரூபாயை எஸ்க்ரோ கணக்கில் ஒதுக்குமாறு கர்நாடக அரசுக்கு ஆணையிட்டது. நீதிமன்றம் போன்ற ஓர் அமைப்பு வங்கிக் கருவியைக் கொண்டே ஏரியைக் காக்க முயன்றது என்பது நம் துறையினர் அறிய வேண்டிய செய்தி. அதே 2018இல், கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கின் சுத்திகரித்த நீர் கோலார் மாவட்டத்து வறண்ட ஏரிகளுக்குச் செல்லத் தொடங்கியது. திட்ட அளவு நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர். சுத்திகரிப்பின் தரம் போதுமா என்ற வழக்கும் வாதமும் தொடர்ந்தன. வாதம் நியாயமானதே. ஏரி நிரம்பியதைக் கண்ட கோலார் உழவரின் மகிழ்ச்சியும் நியாயமானதே.

சங்கத்தின் பேரேட்டில் எழுத வேண்டியவை

பணக்கணக்கை மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டும் சங்கங்கள், நீர்க்கணக்கையும் அதன் பக்கத்தில் ஒட்டலாம். அம்மாதம் பெய்த மழை எத்தனை மில்லிமீட்டர். கிணற்றில் நீர்மட்டம் எத்தனை அடியில். வாரியத்தின் குழாய், ஆழ்துளைக் கிணறு, லாரி, மறுசுழற்சி ஆகிய நான்கு வழிகளில் வந்தது எவ்வளவு. ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர். கடைசி எண் 135ஐத் தாண்டினால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது எவரோ வீணாக்குகிறார். நள்ளிரவு 12 மணிக்கும் விடியல் 4 மணிக்கும் முதன்மை மீட்டரைப் பார்த்துக் கழித்தால், எவரும் குழாய் திறவாத நேரத்தில் ஓடிய நீர் எவ்வளவு என்பது வெளிப்பட்டுவிடும்.

பணத்தைப் பொறுத்தவரை ஒரு கணக்கு. முன் கூறிய 100 வீட்டு அடுக்ககம் கோடையில் லாரியை மட்டுமே நம்ப நேர்ந்தால், நாளொன்றுக்கு 54,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரிகள் நான்கரை. 2024இன் அரசு விலைப்படியே நாளுக்கு 4,500 ரூபாய், மூன்று மாதத்துக்கு 4 இலட்சத்துக்கும் மேல். அத்தொகை எவரையும் கேளாமல் செலவாகிவிடும். உறைகிணற்றுக்கும் மீட்டருக்கும் அதே தொகையைக் கேட்டால் பொதுக்குழு மூன்று முறை ஒத்திவைக்கும். சுத்திகரிப்பு நிலையத்தின் இயந்திரங்களைப் பத்து ஆண்டில் மாற்ற 20 இலட்சம் தேவை எனக் கொள்வோம். வட்டியைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், வீடொன்றுக்கு மாதம் 167 ரூபாய் போதும். அதனைப் பராமரிப்புக் கட்டணத்தோடு கலவாமல், தனித் தொடர்வைப்புக் கணக்கில், இருவர் கையொப்பத்தோடு வைத்திருத்தல் நலம். கலந்துவிட்ட பணம் வண்ணப்பூச்சுக்குப் போய்விடும்.

ஓர் எச்சரிக்கை: உறைகிணற்றில் வடிகட்டிய மழைநீர் மட்டுமே இறங்க வேண்டும். வாகன நிறுத்துமிடத்தின் எண்ணெய்க் கழிவும், கழிப்பறைக் கசிவும், சோப்பு நீரும் அதில் சேர்ந்தால் நாம் நிலத்தடிநீரைப் பெருக்கவில்லை; அதனை நஞ்சாக்குகிறோம். கழிவுத் தொட்டியிலிருந்து தள்ளியே கிணறு அமைய வேண்டும்.

சேமிப்பாளராக இருப்போர்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரலில் வெளியிட்டு அவ்வாண்டு ஜூன் 1 முதல் நடைமுறைப்படுத்திய விதிமுறைப்படி, வங்கிகள் ‘பசுமை வைப்பு’ ஏற்கலாம். அப்பணத்தைக் குறித்த ஒன்பது துறைகளுக்கே கடனாக வழங்க வேண்டும்; நீர் மேலாண்மையும் கழிவு மேலாண்மையும் அவற்றுள் ஒன்று. நிலக்கரிக்கும் மதுவுக்கும் ஆயுதத்துக்கும் அது செல்லாது. பணம் எங்கே சென்றது என்பதை ஆண்டுதோறும் வெளியார் ஒருவர் சரிபார்க்க வேண்டும். மற்ற வைப்புகளைப் போலவே 5 இலட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடும் உண்டு. பெயரில் ‘பசுமை’ இருப்பதாலேயே வட்டி கூடுதலாகக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். வட்டி வீதத்தையும், முன்முறிவு விதியையும், சென்ற ஆண்டின் சரிபார்ப்பு அறிக்கையையும் உங்கள் கிளை அலுவலரிடம் கேட்டுப் பெறுங்கள். கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

பெங்களூருவில் பெருமழை மே மாதத்தில் ஒருமுறையும், செப்டம்பர்–அக்டோபரில் மறுமுறையும் உச்சத்தை எட்டும். ஆகவே உறைகிணறுகளைத் தூர்வாருதல், மாடிக் குழாய்களின் சருகை அகற்றுதல், வடிகட்டியின் மணலையும் கூழாங்கல்லையும் கழுவி நிரப்புதல் ஆகியவற்றை மார்ச் இறுதிக்குள் முடித்துவிட வேண்டும். பொதுக்குழுவைப் பிப்ரவரியில் கூட்டினால்தான் அதற்கு ஒப்புதல் கிடைக்கும். கூட்ட அறிவிப்பை ஜனவரியிலேயே அனுப்ப வேண்டியிருக்கும்.